ஆறாவது கட்டம்

அந்தப் பைய இப்படிக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். பரவால்லீங்க, எங்கிட்ட இந்த லேப்டாப்பு ஒண்ணுதான். நீங்க கடைசி வரைக்கும் போறீங்களா? அப்ப ஒரு ஒத்தாசை பண்ணுங்க. ஊஞ்சக்காட்டுப் பிரிவு வந்தா எனக்கு ஒரு சத்தம் குடுங்க. பஸ்சுல உக்காந்தா எனக்குக் கண்ணு சொக்கீரும். போன வாரம் அப்படித்தான் பிரிவைத் தாண்டிப் போயிட்டேன். அதுக்கு முந்தின தடவை தூங்கலீங்க, எறங்கினேன். எதுத்தாப்புல பேக்கரியில ஒரு டீ குடிச்சேன். தூறல் போட்டுது. திரும்பற பஸ் வந்துது, ஏறிட்டேன். இது மூணாவது தடவை. இன்னிக்கு எறங்கித்தான் ஆகணும். பதினோரு மணிக்கு அங்க பெரியவங்க உக்காந்து பேசறாங்க.

எனக்கு அங்க ஒறம்பரை யாரும் இல்லீங்க. ஒரு சாவு சம்பந்தமாப் போறேன். எளவுக்கு இல்ல, அது முடிஞ்சு இருபத்துநாலு நாளாச்சு.

நான் வெப்சைட் பண்றவனுங்க. பேரு ஞானமூர்த்தி. பதினோரு வருசமாச்சு. மாடியில ஒரு ரூம்பு, ரெண்டு கம்ப்யூட்டர், நான் ஒருத்தன். முன்ன மாதிரி ஒவ்வொரு வரியா எழுதற வேலை இப்ப இல்லீங்க. ரெடிமேடா வருது. ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு டிசைன், ஸ்கூலுக்குன்னு ஒண்ணு, கல்யாண மண்டபத்துக்குன்னு ஒண்ணு. ஏத்திவிட்டா, கட்டி முடிச்சு வெள்ளையடிச்ச ஊடு மாதிரி நிக்கும். படம் இருக்கும், கட்டம் இருக்கும், கட்டத்துக்குள்ள மாதிரிக்கு என்னமோ எழுதியிருக்கும். அதை அழிச்சுட்டு நம்ம சமாச்சாரத்தை எழுதணும். அவ்வளவுதான். இதென்ன பெரிய வேலைம்பாங்க. பண்ணிப் பாக்கட்டும்.

சமாச்சாரம்தானுங்க கஷ்டம். ஒருத்தரும் தர மாட்டாங்க. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கும். உங்க கம்பெனி எப்ப ஆரம்பிச்சீங்க, என்னென்ன பண்றீங்க, நாலு வரி எழுதித் தாங்கம்பேன். எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே பதிலுங்க. "நீங்களே ஏதாவது போட்டுக்கங்க." ஒரு ரைஸ்மில்காரர் அப்படித்தான் சொன்னாரு. நான் 'மூன்று தலைமுறைப் பாரம்பரியம்'னு போட்டேன். அவுங்கப்பா லாரி ஓட்டினவரு. ஆறு மாசம் கழிச்சுப் பாக்கறேன், அரிசி மூட்டையிலயே அடிச்சுட்டாரு, மூன்று தலைமுறைன்னு. எங்கிட்டயே சொல்றாரு, எங்க தாத்தா காலத்துல இருந்து பண்றமுங்கன்னு. இந்தச் சுத்துவட்டாரத்துல பாதிப் பேரு 'எங்களைப் பற்றி' நான் எழுதினதுதானுங்க. யாருக்கும் இதுவரைக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்ல.

செங்கோட்டுவேல் டாக்டரும் அப்படித்தான். நல்ல மனுசன், இல்லைங்கல. எலும்பு டாக்டரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால புதுசா மூணு மாடி கட்டினாரு. ஆவணி முகூர்த்தத்துல தெறப்பு விழா. பத்திரிகையெல்லாம் அடிச்சாச்சு, அன்னைக்கே வெப்சைட்டும் தெறக்கணும்னுட்டாரு. மேடையில பெரிய ஸ்கிரீன் வெச்சு, வர்ற விருந்தாளி பட்டனை அமுக்கினா சைட்டு வரணும். எல்லாரும் கை தட்டணும். சரீங்க டாக்டர், என்னென்ன வைத்தியம் உண்டுன்னு எழுதித் தாங்கன்னு கேக்கறேன். இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்து, விழாவுக்கு முந்தின நாளு, மருந்துச் சீட்டுக்குப் பின்னால அஞ்சு வரி கிறுக்கிக் குடுத்தாரு. எலும்பு முறிவு, பிரசவம், பொது மருத்துவம், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. அஞ்சே அஞ்சு.

டிசைன்ல ஆறு கட்டமுங்க.

நீங்க சிரிக்கறீங்க. மேல மூணு, கீழ மூணு. போன்ல பாத்தா ரெண்டு ரெண்டா மூணு வரிசை. அஞ்சு போட்டீங்கன்னா கடைசி ஒண்ணு தனியா நிக்கும், பக்கத்துல காலியாக் கெடக்கும், பொக்கைவாய் மாதிரி. அதை என்னால பாக்க முடியாதுங்க. பண்றதை ஒழுங்காப் பண்ணணும். டாக்டருக்குப் போன் பண்ணினேன். "டாக்டர், இன்னும் ஒண்ணு வேணும்." பந்தல்காரங்களோட பேசிட்டிருந்தாரு. "நீங்களே ஏதாவது போட்டுக்கங்க ஞானம்"னு வெச்சுட்டாரு.

அந்த ஆறாவது கட்டத்துல டிசைனோடயே ஒரு படம் வந்திருந்துதுங்க. டாக்டருங்க கார்க் கண்ணாடியில ஒட்டியிருப்பாங்க பாருங்க, தடியில பாம்பு சுத்தின மாதிரி, அந்தப் படம். அழகான படம். வேற படம் தேட நேரமில்ல. பாம்பு இருக்குது. நம்முது காட்டு வேலை பாக்கற ஜனம். பொருத்தமா இருக்குமேன்னு கீழ எழுதினேன்: 'பாம்புக்கடி, விஷக்கடி. 24 மணி நேர அவசர சிகிச்சை.' படத்துக்கும் எழுத்துக்கும் அவ்வளவு கச்சிதமா ஒட்டுச்சுங்க.

ஒளிச்சு மறைச்சுப் பண்ணலீங்க நான். பண்ணி முடிச்சு லிங்க்கை டாக்டருக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினேன். 'ஒரு முறை பார்த்து ஓகே சொல்லவும்.' அவரு கட்டைவெரல் அனுப்பினாரு. இன்னைக்கும் எம்போன்ல இருக்குது, மஞ்சக் கலர்க் கட்டைவெரல். மறுநாள் ஸ்கிரீன்ல ஆறு கட்டமும் ஒண்ணொண்ணா எந்திரிச்சு வருது, எரநூறு பேரு கை தட்டறாங்க. அதுல அம்பது பேரு டாக்டருங்க. ஒருத்தரு கேக்கலீங்க, உங்கிட்ட ஏதுப்பா பாம்புக்கடி மருந்துன்னு. அப்ப இது எப்படீங்க எம்மேல மட்டும் வரும்? நீங்களே சொல்லுங்க.

இப்ப எங்க வந்திருக்குது? கல்லுக்குழியா? சரி, இன்னும் நேரமிருக்குது.

சைட்டு பண்ணினாப் போதாதுங்க, தேடினா வரணும். அதுலதான் நான் கெட்டிக்காரன். சுத்தி இருக்கற நாப்பது ஊரு பேரையும் உள்ள சேத்து வெச்சேன். ரெண்டே மாசம். இந்த ரோட்டுல எங்க நின்னு போன்ல 'பாம்புக்கடி ஆஸ்பத்திரி'ன்னு தேடினாலும் மொத ஆளா எங்க டாக்டரு வருவாரு. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட்டெல்லாம் ஏதுங்க? அது ரெண்டாம் பக்கத்துல கூட வராது. அதை நான் ஊட்டுக்காரிக்கு எடுத்துக் காட்டினேன். சந்தோசமா இருந்துதுங்க அன்னைக்கு, பொய் சொல்லல.

ஊஞ்சக்காட்டுல சிவராஜுன்னு ஒருத்தரு. முப்பத்துநாலு வயசு. மூணு ஏக்கரா மஞ்சள். ஐப்பசி மழையில பாத்தியில தண்ணி தேங்கி நிக்குதுன்னு வெடியால ஏழு மணிக்கு வடிச்சு விடப் போயிருக்காரு. கண்ணாடிவிரியன். கணுக்கால்ல. கத்தினதும் எல்லாரும் ஓடியிருக்காங்க. பக்கத்துத் தோட்டத்துக் காரை எடுத்துட்டு வந்துட்டாங்க. பிரிவுக்கு வந்தா இடது பக்கம் ஏழு கிலோமீட்டர்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரி. அங்க மருந்து எப்பவும் இருக்கும். நாம வந்துட்டிருக்கற இந்தப் பக்கம் பத்தொம்பது கிலோமீட்டர், எங்க டாக்டரு. சிவராஜோட அப்பா கவர்மென்ட்டுக்கே போலாம்னு சொல்லியிருக்காரு. சம்சாரம், துளசிமணின்னு பேரு, அந்தப் பொண்ணு கார்ல உக்காந்தே போன்ல தேடியிருக்குது. மொத ஆளா வந்துது. பாம்பு படம் போட்டு வந்துது. இருபத்துநாலு மணி நேரம்னு இருந்துது. "மாமா, இங்க போலாம், இவங்க இதுக்குன்னே இருக்காங்க"ன்னு சொல்லியிருக்குது.

அது சொன்ன வார்த்தைங்க. இதுக்குன்னே இருக்காங்கன்னு.

போயிருக்காங்க. நர்சு வெளிய வந்து, எங்ககிட்ட அந்த மருந்தே இல்லீங்களே, இது எலும்பு ஆஸ்பத்திரிங்கன்னு சொல்லியிருக்குது. டாக்டரு ஊர்ல இல்ல. துளசிமணி போனைத் தூக்கி நர்சு மூஞ்சிக்கு நேராக் காட்டியிருக்குது. "இதுல போட்டிருக்குதே, இதுல போட்டிருக்குதே"ன்னு. நர்சு எங்கிட்ட அப்புறம் சொன்னா. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுச்சாமா அந்தப் பொண்ணு. அழக்கூட இல்லையாமா. போனை மட்டும் நீட்டிக்கிட்டே நின்னுச்சாமா.

திருப்பிக்கிட்டு வந்தாங்க. இதே ரோடு. பத்தொம்பது கிலோமீட்டர் வந்து அவங்க ஊருப் பிரிவைத் தாண்டும்போது தலை சாஞ்சிருச்சாமா. இன்னும் ஏழு கிலோமீட்டர்.

இல்லீங்க, தண்ணியெல்லாம் வேண்டாம். சொல்லும்போது இப்படி ஆயிருது. பெருமூச்சு விட்டாச் சரியாயிரும்.

எனக்கு அது அன்னைக்கே தெரியாதுங்க. மறுநாள் ஒரு கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கேன். டாக்டர் போன். "ஞானம், அந்தப் பாம்பை உடனே எடு." ஏனுங்க டாக்டர்ங்கறேன். "எடுன்னா எடு." சோத்துக் கையி ரசத்துல இருக்குது. இடது கைக் கட்டைவெரல்லயே உள்ள போயி, அழிச்சு, சேமின்னு அமுக்கி, முடிச்சுட்டேன். ரெண்டு நிமிசமுங்க. பாயசம் வர்றதுக்குள்ள முடிஞ்சுது. ஆனா பாருங்க, அழிச்சதும் அஞ்சு கட்டமாயிருச்சு. பொக்கையா நின்னுது. அப்படியே விடலாமுங்களா? 'அனுபவமிக்க மருத்துவர்கள்'னு ஒண்ணு போட்டுட்டேன். அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

அங்கதானுங்க வந்துது வினை. காரியம் முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, அப்பா சொன்னபடி கவர்மென்ட்டுக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பான்னு பேச்சு வந்திருக்குது. துளசிமணி போனை எடுத்து, இல்லீங்க, இதுல போட்டிருந்துச்சு, பாருங்கன்னு தெறந்து காட்டியிருக்குது. அங்க பாம்பு இல்ல. அனுபவமிக்க மருத்துவர்கள்னு இருக்குது. கீழ தேடுது, மேல தேடுது, எங்கயும் இல்ல. மாமியார்க்காரி கேட்டிருக்காங்க, எங்கடி இருக்குதுன்னு. கட்டினவன் செத்ததுக்கு இல்லாததையெல்லாம் சொல்றா பாருன்னு ஆயிப்போச்சு. பதினாறாம் நாளு அந்தப் பொண்ணைப் பொறந்த ஊட்டுக்குத் தாட்டிட்டாங்க. நாலு வயசுப் பொம்பளைப் புள்ளை இருக்குது, அதை அங்கயே வெச்சுக்கிட்டாங்க. புருசனைக் கொன்னவகிட்டப் பேத்தியைக் குடுக்க முடியாதுன்னுட்டாங்களாமா.

அந்தப் பொண்ணுக்கு அண்ணன் ஒருத்தரு இருக்காரு, சென்னியப்பன்னு. மெக்கானிக்கு. அவருதான் என்னையக் கண்டுபுடிச்சாரு. சைட்டுக்கு அடியில பொடி எழுத்துல 'வடிவமைப்பு: ஞானமூர்த்தி'ன்னு போட்டு நம்பர் குடுத்திருப்பேன். எல்லாருமே போடறதுதான், நாலு பேரு பாத்துக் கூப்பிடுவாங்கன்னு. இவரு கூப்பிட்டாரு. சண்டைக்கு வருவாருன்னு நெனச்சேன். வர்லீங்க. "அண்ணா, எந்தங்கச்சி பொய் சொல்லாதுங்ணா. அதுல அப்படி இருந்துதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னாரு.

இருந்துதுன்னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்துருச்சுங்க.

"அதை வந்து ஒருக்கா அவங்க முன்னால சொல்லீருங்ணா, போதும்"னாரு. சொன்னா நம்புவாங்களா? நம்புவாங்க. ஏன்னா, அழிச்சது அழியலீங்க. இந்த ரெடிமேட் சாமான்ல ஒரு விசயம் இருக்குது. நம்ம ஒவ்வொரு தடவை மாத்தறப்பவும் பழசை அது தனியா எடுத்து வெச்சுக்கும். தேதி, நேரம், யாரு மாத்தினாங்க, எல்லாம். தப்பா அழிச்சுட்டாத் திரும்ப எடுக்கறதுக்கு. உள்ள போனா ஆவணி மாசத்துல ஞானமூர்த்தி எழுதினதுன்னு பாம்போட நிக்குது. செத்ததுக்கு மறுநாள் மத்தியானம் ஞானமூர்த்தி அழிச்சதும் நிக்குது. இந்த லேப்டாப்பைத் தெறந்து அந்தப் பெரியவங்க முன்னால வெச்சா, ஒரு நிமிசத்துல தீந்துது. புள்ளை அம்மாகிட்ட வந்துரும்.

தெரியுதுங்க. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க?

எங்கூட்டுக்காரி அதைத்தான் சொல்றா. "பத்து வார்த்தை. போய்ச் சொல்லிட்டு வாங்க." இப்பல்லாம் அதைத் தவிர எங்கிட்ட வேற எதுவும் பேசறதில்ல. சோறு போடறா, போட்டுட்டு அந்தப்பக்கம் போயிர்றா. அவளுக்கென்ன, சொல்லுவா. நேத்து மத்தியானம் டாக்டர் என்னையக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினாரு. "ஞானம், யாரோ வக்கீல்கிட்டப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பழசையெல்லாம் மொத்தமா அழிச்சுரு. அதுல எம்பேரு இல்லப்பா. உம்பேரு தான் இருக்குது"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. காப்பியெல்லாம் குடுத்தாரு. அப்ப உங்க கட்டைவெரல்னு கேட்டேன். "கட்டைவெரல் எதுக்கு அனுப்பினேன்னு யாரு கண்டா? விநாயகர் சதுர்த்தி வாழ்த்துக்கு அனுப்பியிருப்பேன்"னு சிரிச்சாரு.

பயமா இருக்குதுங்க. மறைக்க என்ன இருக்குது. எனக்குப் பயமா இருக்குது. படுத்தா அந்த நீட்டின கையி வருது. நான் பாத்ததுகூட இல்ல, நர்சு சொல்லிக் கேட்டதுதான். ஆனா வருது. இதுல போட்டிருக்குதேன்னு. ஆமா தாயி, நாந்தான் போட்டேன், கட்டம் காலியா இருந்துதுன்னு போட்டேன்னு எப்படீங்க அது மூஞ்சியப் பாத்துச் சொல்றது? வேற காரணமா இருந்தாச் சொல்லீரலாம். ஏமாத்தணும்னு பண்ணியிருந்தாக்கூடச் சொல்லீரலாம். அழகுக்குப் பண்ணினேன்னு எப்படீங்க சொல்றது?

ஆனா சொல்லீருவேன். இன்னைக்குச் சொல்லீருவேன். காலைல சென்னியப்பன்கிட்ட வந்துட்டிருக்கேன்னு சொல்லிட்டேன். தங்கச்சியையும் கூட்டிட்டுப் பிரிவுலயே நிக்கறேன்ணா, சேந்தே போயிரலாம்னாரு.

என்னது, வந்துருச்சுங்களா?

அட, ஆமா. பேக்கரி. அதா அந்த வண்டியில சாஞ்சுட்டு நிக்கறாரு பாருங்க, காக்கிச் சட்டை, அவராத்தான் இருக்கணும். பக்கத்துல அந்தப் பொண்ணு. ரொம்பச் சின்னப் பொண்ணா இருக்குதுங்களே. நான் கொஞ்சம் வயசானதா நெனச்சிருந்தேன். எறங்கறவங்க மூஞ்சியா ரெண்டு பேரும் பாக்கறாங்க. அவருக்கு என்னைய அடையாளம் தெரியாதுங்க. வாட்ஸ்அப்புல எம்படம் இருக்காது, ஒரு லோகோதான் இருக்கும். இப்ப இந்த ஜன்னலைப் பாத்தாரு. பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாரு.

எறங்கறனுங்க. அந்தம்மா கூடையோட எறங்கட்டும். எறங்கறேன், பொறுங்க.

கையில போன் வெச்சிருக்குது அந்தப் பொண்ணு.

விசில் குடுத்துட்டாரா? சரி. சரி, விடுங்க. இருக்கட்டுமுங்க, நிறுத்தச் சொல்ல வேண்டாம். கண்டக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, நானே கடைசி வரைக்கும் டிக்கெட் எடுத்துக்கறேன். பஸ்சை நடுரோட்டுல நிறுத்தினா நாலு பேரு பாப்பாங்க, நல்லாவா இருக்கும்? அங்க போயிட்டுத் திரும்பி வந்து எறங்கிக்கலாம். திரும்பற பஸ் எத்தனையோ இருக்குது.

ஒரு நிமிசங்க. இந்தப் போன்லயே பண்ணலாம், லேப்டாப்பு எதுக்கு. சிக்னல் இருக்குது. உள்ள போயி, பழையது, அத்தனையும் தேர்ந்தெடு. பாருங்க, கேக்குது: 'நிரந்தரமாக நீக்கவா?' மரியாதையாக் கேக்குதுங்க, மனுசங்க கூட இப்படிக் கேக்க மாட்டாங்க.

ஆச்சு. ரெண்டு நிமிசங்கூட ஆகல. இதுதானுங்க வேலை.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நான் உங்களைக் கேட்டனுங்களா? பையை நானே வெச்சுக்கறேன், இருக்கட்டும்.

அவருதான் கூப்பிடறாரு. சென்னியப்பன். அடிக்கட்டும். நின்னுரும். மறுபடியும் அடிக்குது பாருங்க, அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கும். நான் எடுத்தா வாய் தவறி ஏதாவது வந்துரும். இந்தாங்க, நீங்க எடுங்க. புடிங்க. உங்களை அவருக்குத் தெரியாது, உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. பஸ்சுல ஆரோ விட்டுட்டுப் போன போனுன்னு சொல்லுங்க, இல்ல, அந்த ஆளு வர்லைன்னு சொல்லுங்க. அதுல அப்படி எதுவுமே இருந்ததில்லையாமான்னு சொல்லுங்க. என்னைய எதுக்குங்க கேக்கறீங்க? நீங்களே ஏதாவது சொல்லிக்கங்க.